குறை தேடும் ஒலி

கப்பல் கட்டும் தளங்களில் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து முடித்ததும், உள்ளே விரிசல் விழுந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அது உலோகத்துக்குள் அனுப்பும். வழியில் விரிசல் இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பும். திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு விரிசல் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். குறையைக் கண்டுபிடிப்பது மட்டுமே அதன் வேலை.

1953ஆம் ஆண்டு, சுவீடனின் மால்மோ நகரில் கொக்கும்ஸ் கப்பல் தளத்தில் இருந்த இப்படியொரு கருவியை, பக்கத்து ஊரான லுண்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் இரவல் வாங்கினார். அதை நெஞ்சில் வைத்தபோது இதயத்தின் துடிப்புக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும் ஒரு சமிக்ஞை திரையில் தெரிந்தது. பிறகு சீமென்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு கருவி கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, ஹெர்ட்ஸும் இதய மருத்துவர் இங்கெ எட்லரும் இதயச் சுவரின் அசைவை முதன்முதலாகப் படச்சுருளில் பதிவு செய்தார்கள். இன்று நாம் ‘எக்கோ’ என்று சொல்லும் சோதனையின் பிறந்தநாள் அது.

எட்லர் எதற்காக இதைத் தேடினார் என்பது மருத்துவ வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. இதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனால், அதை அறுத்து அகலப்படுத்தும் சிகிச்சை 1940களின் இறுதியில் தொடங்கியிருந்தது. ஆனால் வால்வு சுருங்கியிருக்கிறதா, அல்லது மூடாமல் கசிகிறதா என்று நெஞ்சைத் திறப்பதற்கு முன்பே உறுதியாகத் தெரிய வழியில்லை. கசிகிற வால்வை மேலும் அறுத்தால் ஆள் பிழைப்பது கடினம். இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் எட்லர் ஹெர்ட்ஸிடம் போனார்.

மைட்ரல் வால்வு சுருக்கம் பெரும்பாலும் சிறுவயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவு. நெரிசலான வீடுகளிலும் வறுமையிலும் வளரும் குழந்தைகளைப் பிடிக்கும் நோய். அதில் வால்வு சுருங்கிப்போகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். ஆக, எக்கோவைப் பிறப்பித்த கேள்வியே பெரும்பாலும் பெண்களின் நெஞ்சிலிருந்து வந்தது. அந்தப் பெண்கள் யார், என்ன வேலை செய்தார்கள், எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்ற விவரம் எதுவும் இந்த வரலாற்றில் இல்லை. 1977இல் எட்லருக்கும் ஹெர்ட்ஸுக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. எனக்கு வேண்டியது அந்தப் படச்சுருளின் மறுபக்கம்.

நெஞ்சுக்கும் காதுக்கும் இடையில்

இதயத்தைப் புறத்திலிருந்து அறியும் முயற்சியில் பெண்ணின் மார்பு எப்போதும் ஒரு சிக்கலாகவே பார்க்கப்பட்டது. 1816இல் பாரிஸில் ரெனே லென்னக் என்ற மருத்துவரிடம் இதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். அக்காலத்தில் மருத்துவர் தன் காதை நோயாளியின் நெஞ்சில் நேராக வைத்துக் கேட்பார். பெண்ணின் வயதும் உடல்பருமனும் லென்னக்கைத் தயங்கவைத்தன. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இது. மருத்துவரின் கழுத்தில் அடையாளமாகத் தொங்கும் அந்தக் கருவி, பெண்ணுடலிலிருந்து ஒரு சாண் விலகி நிற்கக் கிடைத்த வழியாகத்தான் தொடங்கியது.

எக்கோ அந்த விலகலை அழித்தது. இந்த ஒலி காற்றைக் கடந்து சரியாகப் போகாது என்பதால் தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவே ஜெல் தடவவேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளியில், நுரையீரல் மறைக்காத இடமாகப் பார்த்து ப்ரோபை அழுத்திப் பிடிக்கவேண்டும். நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவேண்டும். இதயத்தின் நான்கு அறைகளும் ஒன்றாகத் தெரியும் காட்சி இடது மார்பகத்துக்குக் கீழேதான் கிடைக்கும். அதற்கு மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டும்.

நான் எக்கோ அறையில் வேலை செய்கிறவள். இந்த ஒரு நிமிடம் எத்தனை பெண்களை மருத்துவமனைக்கே வராமல் தடுத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். “உள்ள லேடிஸ் இருக்காங்களா?” என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பலர் செருப்பைக் கழற்றுவார்கள். சீட்டை வாங்கிப் பையில் மடித்துவைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. கூட வந்த கணவர், “மேலோட்டமா பார்த்துச் சொல்ல முடியாதா?” என்று கேட்டதும் உண்டு. மறைக்க ஒரு துணி, தாழிட ஒரு கதவு, முதலில் ‘தொடட்டுமா’ என்று ஒரு கேள்வி. இவை இல்லாத அறையில் எடுக்கப்படும் படம் பாதிப் படம்தான். கூச்சத்தில் இறுகிப்போன உடலில், ப்ரோப் சரியான இடத்துக்குப் போகாமலேயே அளவு குறித்து அனுப்பப்படும். அறிக்கையில் காரணம் ‘மார்பகத்தால் தெளிவான படம் கிடைக்கவில்லை’ என்று வரும். பழி உடலுக்குப் போகும்.

படம் எடுத்த கைகள்

தொடக்ககால எக்கோ இன்று பார்ப்பதுபோல் துடிக்கும் இதயத்தின் படத்தைக் காட்டியதில்லை. ஒரே ஒரு கோட்டில் ஒலியை அனுப்பி, அந்தக் கோட்டில் இருக்கும் சுவர்களும் வால்வுகளும் நேரத்தோடு எப்படி நகர்கின்றன என்பதை அலைஅலையாக வரையும். எம்-மோடு என்று அதற்குப் பெயர். எந்த அலை எந்தச் சுவர் என்று அடையாளம் காண்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதைப் போன்றது. எட்லர்கூட மைட்ரல் வால்வின் இதழிலிருந்து வந்த எதிரொலியை முதலில் மேலறைச் சுவர் என்றே எண்ணியிருந்தார்.

1960களில் அமெரிக்காவின் இண்டியானாவில் ஹார்வி ஃபைகன்பாம் இந்தச் சோதனையை அன்றாட மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவரே மணிக்கணக்கில் ப்ரோபைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், மருத்துவர் அல்லாதவர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். அப்படி உருவானவர்களில் ஒருவர் சோனியா சாங். 1976இல் அவர் எம்-மோடு எக்கோவை எடுக்கும் நுட்பங்களையும், அலைகளை இனங்காணும் முறையையும் பற்றித் தனி நூலே எழுதினார். ப்ரோபை எந்தக் கோணத்தில் சாய்த்தால் எது தெரியும் என்ற அறிவு மருத்துவரின் மேசையில் உருவானதல்ல. நோயாளியின் அருகில் உட்கார்ந்து ஆயிரம் நெஞ்சுகளைத் தொட்ட கைகளில் உருவானது.

அமெரிக்காவில் இன்று இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் ஊரிலும் தனியார் ஸ்கேன் மையங்களிலும் மருத்துவமனைகளிலும் டெக்னீஷியன்களாகப் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். அளவுகளை எடுப்பது நாங்கள். கையெழுத்து மருத்துவருடையது. நாள்முழுக்கக் கையை நீட்டி அழுத்திப் பிடிப்பதால் தோள், மணிக்கட்டு, கழுத்து வலி இந்தத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதில் பெரும்பாலானோர் வலியோடுதான் வேலை செய்கிறார்கள் என்றே காட்டியிருக்கின்றன. இதயத்தின் தசைவலுவை அளக்கும் அறையில் அளப்பவளின் தசையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பம்பிங் எத்தனை சதவீதம்?

எக்கோ முடிந்ததும் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, “பம்பிங் எவ்வளவு?” என்பதுதான். இதயத்தின் இடது கீழறை நிரம்பும்போது 120 மில்லிலிட்டர் ரத்தம் இருந்து, ஒரு துடிப்பில் 72 மில்லிலிட்டரை வெளியே தள்ளினால், பம்பிங் 60 சதவீதம். மருத்துவர்கள் ஈ.எஃப். என்பார்கள். எம்-மோடு காலத்தில் அறையின் குறுக்களவை மட்டும் எடுத்து, அதிலிருந்து கொள்ளளவை ஊகிப்பார்கள். 1976இல் டைக்கோல்ஸ் என்பவர் கொடுத்த சூத்திரம் அதற்குப் பயன்பட்டது. இருபரிமாணப் படம் வந்தபின், அறையை அடுக்கிவைத்த வட்டத் தட்டுகளாகக் கற்பனை செய்து கூட்டும் சிம்ப்சன் முறை நிலைத்தது. இதயத் தசையின் வேலையை ஒற்றை எண்ணில் சொல்ல முடிந்தது பெரிய சாதனைதான். அந்த எண்ணைக் கொண்டு யாருக்கு மாத்திரை, யாருக்குப் பேஸ்மேக்கர், யாருக்கு அறுவை என்று முடிவெடுக்க முடிந்தது.

எண் வந்ததும், எது இயல்பு என்ற கேள்வியும் வந்தது. பெண்ணின் இதயம் சராசரியாக ஆணுடையதைவிடச் சிறியது. 2015இல் அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அளவுகளின்படி, நிரம்பிய இடது கீழறையின் குறுக்களவு ஆணுக்கு 42 முதல் 58 மில்லிமீட்டர் வரை இயல்பு. பெண்ணுக்கு 38 முதல் 52 வரை. இயல்பான பம்பிங் ஆணுக்கு 52 முதல் 72 சதவீதம், பெண்ணுக்கு 54 முதல் 74. அதாவது 54 மில்லிமீட்டர் அறை ஓர் ஆணுக்கு இயல்பு, ஒரு பெண்ணுக்கு வீக்கம். பட்டியல் இருக்கிறது. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அது பல நேரம் காணாமல் போய்விடுகிறது. மைட்ரல் வால்வு கடுமையாகக் கசியும்போது, சுருங்கிய நிலையில் கீழறையின் அளவு 40 மில்லிமீட்டரைத் தொட்டால் அறுவைக்கு அனுப்பலாம் என்கின்றன வழிகாட்டு நெறிகள். ஆணுக்கும் அதே 40, பெண்ணுக்கும் அதே 40. சிறிய அறையோடு தொடங்கிய பெண் அந்த 40ஐத் தொடுவதற்குள் ஆணைவிட அதிக தூரம் கெட்டிருப்பாள். ஒரே அளவுகோல் சமத்துவம்போல் தோன்றும். அது யாருடைய உடலில் வைத்துச் செதுக்கப்பட்டது என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

இதைவிடப் பெரிய விடுபடல் அந்தச் சதவீதத்துக்குள்ளேயே இருந்தது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள அறுபது வயதுப் பெண் ஒருவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையானால் கால் வீங்குகிறது. எக்கோ எடுத்தால் பம்பிங் 64 சதவீதம். “இதயம் நல்லா இருக்கு, எடையைக் குறைங்க, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று அனுப்பிவிடுவார்கள். அவருடைய இதயத் தசை விறைத்துப்போயிருக்கிறது. சுருங்குவதில் குறையில்லை, விரிவதில்தான் குறை. 70 மில்லிலிட்டர்தான் நிரம்புகிறது. அதில் 45 வெளியே போகிறது. விகிதம் 64 சதவீதம். உடலுக்குக் கிடைத்ததோ 45 மில்லிலிட்டர். எவ்வளவு தள்ளுகிறது என்று மட்டும் கேட்ட எண், எவ்வளவு வாங்கிக்கொள்ள முடிகிறது என்று கேட்கவே இல்லை.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பம்பிங் சதவீதம் இயல்பாகவே இருக்கிறது என்றும், அவர்களில் பெண்களே அதிகம் என்றும் 1990களின் இறுதியில் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு காட்டியது. மருந்துச் சோதனைகளோ வேறு வழியில் போய்க்கொண்டிருந்தன. இதயச் செயலிழப்புச் சிகிச்சையை மாற்றிய சோதனைகளில் ஒன்றான சோல்வ்டு 1991இல் வெளியானது. பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 2,569 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஐந்தில் நால்வர் ஆண்கள். பம்பிங் குறைந்தவர்களை மட்டும் சேர்க்கும் விதி பெண்களைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனால் வாசலின் உயரத்தை அப்படி வைத்தால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. அதே 1991இல், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரான இதய மருத்துவர் பெர்னடீன் ஹீலி, இதற்கு ‘யென்டில் நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். யென்டில், வேதம் படிக்க ஆண்வேடம் போட்ட யூதப் பெண். ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் கதைப் பாத்திரம். ஆணைப்போலவே நோய்ப்பட்டுக் காட்டினால்தான் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சிகிச்சை கிடைக்கிறது என்றார் ஹீலி.

ட்ரான்ட்ஹைமிலிருந்து ஒரு பெண்

அந்த இன்னொரு கேள்வியைக் கேட்கக் கருவியைப் பழக்கியவர் ஒரு பெண். நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரத்து இதய மருத்துவர் லிவ் ஹாட்லெ.

நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிப் போகும் ரயிலின் ஊதல் மந்தமாகவும் கேட்பதுபோல, ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண்ணும் மாறும். அந்த மாற்றத்திலிருந்து ரத்தத்தின் வேகத்தைக் கணக்கிடலாம். இதுவே டாப்ளர். ஜப்பானில் ஷிகேயோ சதோமுரா 1950களிலேயே இதை இதயத்தில் பயன்படுத்தியிருந்தார். குறுகிய வழியில் பாயும் திரவத்தின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெர்னூலி சொல்லியிருந்தார். ஓஸ்லோவில் யார்லெ ஹோலன் அந்த உறவை மைட்ரல் வால்வுக்குப் பொருத்திப் பார்த்திருந்தார். ஹாட்லெ, பொறியாளர் பியோர்ன் ஆங்கல்சனோடு சேர்ந்து, இதை நோயாளியின் படுக்கையருகே பயன்படும் முறையாக்கினார். வேகத்தை அதாலேயே பெருக்கி, நான்கால் பெருக்கினால் போதும். வால்வின் வழியே ரத்தம் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், அழுத்த வேறுபாடு 64 மில்லிமீட்டர் பாதரசம். அதுவரை இந்த எண்ணைப் பெறத் தொடையிலோ கையிலோ குத்தி, இதயத்துக்குள்ளேயே குழாய் செலுத்தவேண்டியிருந்தது. குழாய் தந்த எண்ணும் ஒலி தந்த எண்ணும் ஒத்துப்போகின்றன என்று 1970களின் இறுதியிலிருந்து ஹாட்லெ ஒவ்வொரு வால்வாகக் காட்டினார். 1982இல் அவரும் ஆங்கல்சனும் எழுதிய நூல் உலகமெங்கும் எக்கோ அறைகளின் பாடநூலானது.

பிறகு அவர் இதயம் ஓய்வெடுக்கும் பொழுதுக்குத் திரும்பினார். 1988இல் ஆப்பிள்டன், பாப் ஆகியோரோடு ஹாட்லெ வெளியிட்ட கட்டுரை, மைட்ரல் வால்வின் வழியே ரத்தம் நிரம்பும் அலைகளை வைத்துத் தசை எப்படித் தளர்கிறது என்று படிக்கக் கற்றுக்கொடுத்தது. நலமான இளம் இதயத்தில் முதல் அலை உயர்ந்திருக்கும். தளர்வது தாமதமானால் முதல் அலை தாழ்ந்து, மேலறை முக்கித் தள்ளும் இரண்டாம் அலை உயரும். நோய் முற்றி உள்ளே அழுத்தம் ஏறும்போது முதல் அலை மறுபடி உயர்ந்துவிடும். பார்த்தால் நலமான இதயம்போலவே இருக்கும். இதற்குப் போலி இயல்பு என்று பெயர்.

இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் என் அறைக்கு வரும் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். விடியற்காலை எழுந்து சமைத்துவைத்துவிட்டு, பேருந்தேறி வந்து, “எனக்கு ஒண்ணும் இல்லம்மா, மகன்தான் பார்க்கச் சொன்னான்” என்பார்கள். ஆனால் உவமையோடு நின்றுவிட எனக்கு விருப்பமில்லை. ஹாட்லெ போலி இயல்பைக் கண்டுபிடிக்க வழியும் காட்டினார். பிறகு மூச்சை அடக்கி முக்கச் சொல்வது, தசையின் வேகத்தையே அளப்பது என்று உண்மையை வெளிக்கொண்டுவரும் முறைகள் பெருகின. அளக்க முடிந்த பிறகு, ‘மனசுதான் காரணம்’ என்று சொல்லி அனுப்புவது கடினமாகிறது. பம்பிங் 40 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கிறது என்று 5,988 பேரிடம் நடந்த சோதனை 2021இல் காட்டியது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள். சோல்வ்டுக்கும் இதற்கும் நடுவில் முப்பது ஆண்டுகள்.

பச்சை உடம்பு

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து, பிள்ளை பெற்ற ஐந்து மாதங்களுக்குள், வேறு எந்தக் காரணமும் இல்லாமல் இதயத் தசை பலவீனமாகிப்போகும் நோய் ஒன்று உண்டு. 1971இல் டெமாகிஸும் உடனிருந்தோரும் இதற்கு வரையறை கொடுத்தபோது அது அறிகுறிகளின் பட்டியலாகவே இருந்தது. பிற்பாடு எக்கோவின் எண் சேர்ந்தது: பம்பிங் 45 சதவீதத்துக்குக் கீழே. எண் ஏன் தேவைப்பட்டது என்றால், இந்த நோயின் அறிகுறிகள் மூச்சிரைப்பு, கால்வீக்கம், அசதி. நிறைமாதத்திலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் இவை எல்லாப் பெண்களுக்கும் இருப்பதாகவே நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பிரசவமாகி மூன்று வாரமான ஒரு பெண் எக்கோவுக்கு வந்திருந்தாள். வயது இருபத்து நான்கு. “அக்கா, படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு தலகாணி வச்சு உட்கார்ந்த மேனிக்குத்தான் தூங்குறேன்” என்றாள். கூட வந்த மாமியார், “பச்ச உடம்புல்ல, குளுந்த தண்ணியில கையை வச்சிருப்பா” என்றார். அதற்கு முன் இரண்டு இடங்களில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ப்ரோபை வைத்ததும் அறை பெருத்து, சுவர் அசைவதே தெரியாமல் கிடந்தது. பம்பிங் 28 சதவீதம். மருந்து தொடங்கினார்கள். ஆறு மாதம் கழித்து வந்தபோது 46க்கு ஏறியிருந்தது. இந்த நோயில் பலருக்கு இப்படித் தசை மீண்டுவரும். முழுதாக மீளாமல் அடுத்த கர்ப்பம் தரித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் அதைச் சொல்லி முடித்ததும் மாமியார் கேட்டார்: “மொதல்ல பொட்டப் புள்ளையாப் போச்சே டாக்டர். இன்னொன்னு பெத்துக்காம எப்படி?”

சென்னை மருத்துவக் கல்லூரி 2016 முதல் 2019 வரை இதய நோயுள்ள 1,005 பெண்களின் 1,029 கர்ப்பங்களைத் தொடர்ந்து பதிவு செய்தது. அவற்றில் 60.5 சதவீதத்தில் இதய நோய் இருப்பதே கர்ப்பகாலத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. ருமாட்டிக் இதய நோயே முதலிடம். இருபது பெண்கள் இறந்துபோனார்கள். சிறுமியாக இருந்தபோதே கெட்டுப்போன வால்வு, கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை வந்தபிறகுதான் யார் கண்ணிலாவது படுகிறது என்பதே இதன் பொருள். அதுவரை அவள் நெஞ்சை யாரும் பார்க்கவில்லை. கர்ப்பப்பைக்கு விலை வந்த பிறகு இதயத்தையும் பார்க்கிறார்கள்.

இந்த நோயோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் எஸ். பத்மாவதி. 1917இல் பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, போரின்போது கோயம்புத்தூருக்கு அகதியாக வந்துசேர்ந்தவர். அமெரிக்காவில் ஹெலன் டாசிக்கிடம் படித்தார். செவித்திறன் குறைந்திருந்த டாசிக், குழந்தைகளின் நெஞ்சில் கைவைத்தே இதயத்தை அறிந்தவர். பத்மாவதி தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில், பெண்கள் படிக்கும் அந்த வளாகத்தில், 1954இல் இதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். எக்கோ இந்தியாவுக்கு வருவதற்கு வெகுமுன்பே, இந்நாட்டு ஏழைகளின் இதய நோய் மேற்கத்தியப் பாடநூல்களின் நோய் அல்ல என்று எழுதிவந்தவர். 103 வயதுவரை வாழ்ந்து 2020இல் மறைந்தார்.

ஒரே ஒலி, இரண்டு தேடல்

லுண்டுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1955இல், கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு கொதிகலன் தொழிற்சாலை ஒன்றில் இதேபோன்ற குறை தேடும் கருவியைக் கண்டு, அதைப் பெண்களின் வயிற்றுக்குக் கொண்டுபோனார். 1958இல் அவர் குழுவின் கட்டுரை வெளியானது. நெஞ்சைப் பார்த்த ஒலியும் வயிற்றைப் பார்த்த ஒலியும் ஒரே பட்டறையில் பிறந்தவை.

இந்தியாவில் வயிற்றுக்குள் தேடப்பட்ட குறை எதுவென்று நமக்குத் தெரியும். பெண்ணாய் இருப்பதே குறை. 1980களில் மும்பையில் பெண்ணிய அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடியதால் 1988இல் மகாராஷ்டிரம் சட்டம் கொண்டுவந்தது. 1994இல் தேசியச் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் உறங்கியபோது, 2000இல் செஹாட், மாசூம் அமைப்புகளும் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1991இல் ஆயிரம் சிறுவர்களுக்கு 945 ஆக இருந்த சிறுமியரின் எண்ணிக்கை 2001இல் 927 ஆகிவிட்டிருந்தது. 2003 திருத்தத்துக்குப் பிறகு கருவிகளின் விற்பனையும் பதிவும் கண்காணிக்கப்படுகின்றன. இதயத்தைப் பார்க்கும் எக்கோ கருவியும் இந்தச் சட்டத்தின் பதிவுக்குள் வருகிறது. கையில் எடுத்துச்செல்லும் சிறு கருவிகளுக்குக் கடும் வரம்பு உண்டு.

இதை இதய மருத்துவர்கள் பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். மூச்சுத்திணறும் நோயாளியின் படுக்கைக்கு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கு, ஒரு சிறிய கருவியைக் கொண்டுபோக இத்தனை தாள்களா என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பள்ளிச் சிறுமிகளின் வால்வை எக்கோவில் பார்த்தால், காதுக்குக் கேட்பதற்கு முன்பே ருமாட்டிக் நோயைக் கண்டுபிடித்து, ஊசி போட்டு வால்வைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன இருபது மரணங்களில் சில அங்கேயே நின்றிருக்கக்கூடும். ஆனால் வரம்பை எடுத்துவிட்டால் அந்தக் கருவி எந்த வீட்டின் பின்கட்டுக்குப் போகும் என்பதையும் நாம் ஒரு தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். பிறக்கவிடாமல் செய்ததற்காக வந்த கட்டுப்பாடு, பிறந்து தப்பித்தவளின் நெஞ்சுக்கும் கருவி வராமல் செய்கிறது. பெண்கள் இரண்டு முறை விலை கொடுக்கிறார்கள்.

இதற்குச் சட்டத்தைத் தளர்த்துவது தீர்வென்று நான் சொல்லமாட்டேன். கருவி பதிவிலேயே இருக்கட்டும். யார் கையில், எந்த ஊரில், எதற்கு என்று கணக்கும் இருக்கட்டும். அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் அரசுக்கும் ஒரு கடமை எழுதப்படவேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் சிசுவைப் பார்க்கும் ஸ்கேன்களுக்குத் தேதி குறிக்கிறோம். மூச்சுத்திணறலோடு வரும் கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் ‘பச்சை உடம்பு’ என்று சொல்லாமல் ஓர் எக்கோ எடுக்கவேண்டும் என்பதும் அதே அட்டையில் அச்சாகட்டும். பள்ளியில் சிறுமிகளின் எடையையும் உயரத்தையும் குறிப்பதுபோல நெஞ்சையும் பார்க்கட்டும். எங்கள் அறிக்கைத் தாளில் ஆணின் இயல்பும் பெண்ணின் இயல்பும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். பம்பிங் சதவீதத்துக்கு அடுத்த வரியில், தசை எப்படித் தளர்கிறது என்பதும் விடாமல் எழுதப்படட்டும்.

ஒலிக்கு ஆண், பெண் தெரியாது. பட்ட இடத்திலிருந்து திரும்பி வரும், அவ்வளவே. திரும்பி வந்ததில் எதைக் குறை என்று எழுதுவது, எதை இயல்பு என்று விடுவது, எந்த உடலுக்கு அந்த ஒலியை அனுப்பவே இல்லை என்பதெல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவுகள். மனிதர்கள் எடுத்த முடிவுகளை மனிதர்கள் மாற்றியும் இருக்கிறார்கள் என்பதற்கு ட்ரான்ட்ஹைமும் மும்பைத் தெருக்களும் சாட்சி.